தீவுக்கு ஆறாவது ஆள்

"நீங்க எடுத்தீங்களா?"

யார் வந்தாலும் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அது. வந்தவர் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவாள். உட்கார்ந்துவிட்டால் ஆட்களுக்குப் பொய் சொல்ல வசதியாகிவிடுகிறது என்பது அவள் எண்ணம்.

வாசலில் நின்ற பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி லாண்டரியின் நீலச் சீருடை, தோளில் துணிப்பை, கண்களில் ராத்திரி முழுக்க விழித்த எரிச்சல். கேள்வியைக் கேட்டு அவர் பதறவில்லை.

"எடுத்தேன். திருப்பி வச்சேன். உக்காரலாமா?"

"முன் சீட்டே காலியா இருக்கு, வாங்க," என்று கண்டக்டர் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

கீழே ஜெராக்ஸ் கடை. மேலே இந்த ஒற்றை அறை, திருட்டுப் பழியோடு வருகிறவர்களுக்காக வக்கீலும் கண்டக்டரும் துப்புத் துலக்கும் இடம். மெஷின் ஓடும்போதெல்லாம் மேசைமேல் இருக்கும் தம்ளர் நடுங்கும். வக்கீல் சட்டம் படித்தவள், கோர்ட்டுக்குப் போகாதவள். ஜூனியராகச் சேர்ந்த முதல் வாரமே சீனியர் அவள் கையில் கேஸ் கட்டுக்குப் பதிலாகத் தன் வீட்டு மின்கட்டண அட்டையைக் கொடுத்தார். அட்டையை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தவள்தான். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கியவர்கள் யாரும் கிடையாது. வாங்கிய ஒரு பட்டத்தையும் கரண்ட் பில் வரிசையில் நிற்க வைக்க அவளுக்கு மனமில்லை. கண்டக்டர் இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். டிக்கெட் எடுக்காதவனின் பிடரியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் காய் நறுக்கச் சொன்னார்கள் என்பதற்காக இங்கே வந்து சேர்ந்தவர்.

"சுருக்கமா சொல்லுங்கக்கா," என்றாள் வக்கீல்.

அந்த அம்மாள் சுருக்கமாகத்தான் சொன்னார். ஊரில் ஒரு பறவைச் சங்கம் இருக்கிறது. பகலில் பறக்கும் எதையும் அவர்கள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆந்தை, பக்கி, இராக்கொக்கு என்று இருட்டினால் எழுந்திருக்கும் ரகம் மட்டும்தான். ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒரு குடில். அங்கே உட்கார்ந்து பார்ப்பதும் பார்த்ததைக் குறித்து வைப்பதும்தான் சங்கத்தின் வேலை. இந்த வருடம் ஆறு பேர் கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போகிறார்கள். அங்கே கிவி என்று ஒரு பறவை. பறக்கத் தெரியாது, ராத்திரியில்தான் நடமாடும். தீவுக்காரர்கள் ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஐந்து பேர் சொந்தச் செலவில் போகிறவர்கள். ஆறாவது ஆளைச் சங்கம் அனுப்பும். வருடம் முழுக்க அதிகக் குறிப்பு எழுதியவர் யாரோ அவர்.

"இருநூத்திப் பன்னண்டு குறிப்பு என்னுது. அடுத்தது எங்க செயலாளர், நூத்தித் தொண்ணூறு. அஞ்சாந்தேதி போர்டுல என் பேரைப் போட்டாங்க. பன்னண்டாந்தேதி திருடின்னாங்க."

"ஒரு வாரத்துல பெரிய புரமோஷன்," என்றார் கண்டக்டர்.

"என்ன திருட்டு?"

"இருட்டுல பாக்கற பைனாகுலர். சங்கத்துக்கே ஒண்ணுதான் இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் போனேன். சனிக்கிழமை சாயந்திரம் டூட்டிக்குப் போற வழியில குடில் அலமாரில திருப்பி வச்சேன். மணி ஆறு. நல்ல வெளிச்சம் இருந்துச்சு. பதிவேட்டுல கயிறு போட்டுக் கட்டியிருக்கற பேனா எழுதல. என் சட்டைப் பாக்கெட்ல சிவப்புப் பேனா இருந்துச்சு, தொத்துநோய் வார்டுத் துணி மூட்டைக்கு நம்பர் போடறது. அதால எழுதிட்டுப் போனேன். ஞாயித்துக்கிழமை பாத்தா பைனாகுலரைக் காணோம், நான் திருப்பியே வைக்கலைன்னாங்க."

"போலீஸ் வந்தாங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல. நான் திருடின்னு சங்கத்துலேர்ந்து எங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போயிருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆறு பேர் பட்டியலைப் பயணக் கம்பெனிக்குக் குடுக்கணும். அதுக்குள்ள நானா விலகிட்டேன்னு எழுதிக் குடுத்தா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறாங்களாம். இல்லைன்னா பதினேழு வருஷ வேலை போயிடும்."

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "பஸ்ல பர்ஸ் போச்சுன்னா வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுவாங்க. இவங்க பர்ஸைப் பத்திப் பேச்சே எடுக்கல. பக்கத்துல நின்னவங்களை எறக்கி விட்டா போதும்ங்கறாங்க."

வக்கீலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"இங்கயே ஏரில ஆந்தை இருக்கு. எதுக்குக்கா அவ்வளவு தூரம்?"

"போற மத்த அஞ்சு பேரையும் இதைக் கேட்டீங்களா?"

இதே கேள்வியைத்தான் வக்கீலிடமும் ஊர் கேட்டது. உனக்கெதற்குச் சட்டம், பக்கத்திலேயே டைப்ரைட்டிங் இருக்கிறதே என்று. "தப்புதான். விடுங்க."

"விட வேணாம், சொல்றேன்." பையைக் கீழே வைத்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினேழு வருஷமா ராத்திரி வேலை. எனக்கு ராத்திரின்னா பாய்லர் சத்தமும் நனைஞ்ச துணியும்தான். காலைல பேஷன்ட் வெள்ளை விரிப்புல படுத்திருப்பாங்க, அது எப்படி வெள்ளையாச்சுன்னு யாருக்கும் தோணாது. அந்தப் பறவை கோழி அளவுதான். எறக்கைன்னு சொல்லிக்க ஒண்ணும் கெடையாது. கண்ணு மங்கல். அலகு நுனில மூக்கு, மோந்து மோந்துதான் தேடித் திங்கும். அழகெல்லாம் இல்ல. அதைப் பாக்க டாக்டரும் இன்ஜினீயரும் பிளேன் ஏறிப் போயி, இருட்டுல மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்காங்க. ராத்திரி வேலை பாக்கற ஒரு உயிருக்கு அவ்வளவு மரியாதை. அதை நான் நேர்ல பாக்கணும். பாய்லர் இல்லாத ராத்திரி எப்படி இருக்கும்னும் பாக்கணும்."

கீழே மெஷின் நின்றது. தம்ளரும் நின்றது.

"பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்றார் கண்டக்டர் மெதுவாக.

"ரெண்டு வருஷமாச்சு."

"இந்த வருஷம்தானே பேர் வந்துச்சு?"

"வரும்னு தெரியும்."

வக்கீல் எழுந்து செருப்பை மாட்டினாள். "கண்டக்டர், ரைட் குடுங்க."

*

சங்கத்தின் அலுவலகம் ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் தளம். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஜன்னல் இல்லாத சாமான் அறை. சுவர் முழுக்க ஆந்தைப் படங்கள். கண்டக்டர் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத்தனை பேர் முறைச்சா நானே எதையாவது ஒத்துக்குவேன்."

தலைவர் ஒரு பல் டாக்டர் அம்மாள். லாண்டரி அக்கா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். வெண்கலச் சட்டம் போட்ட கண்ணாடி, பஞ்சுபோல் குரல். பக்கத்தில் செயலாளர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனாவை வரிசை கலையாமல் செருகியிருந்தார். கழுத்தில் கயிறு போட்டு ஒரு சின்ன டார்ச்.

"நீங்க வந்தது நல்லதுதாம்மா," என்றார் தலைவர். "அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. வேலையைக் கெடுத்துக்க வேணாம். நாங்களும் மனுஷங்கதானே. ஆமா, உங்க அப்பா என்ன பண்றார்?"

"வேலை பண்றார். பதிவேட்டைக் காட்டுங்க."

கண்டக்டர் இருமலை விழுங்கிக்கொண்டு அறிவிப்புப் பலகைப் பக்கம் நகர்ந்தார்.

செயலாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் இடதுபக்கம் எடுத்தவர், வலதுபக்கம் திருப்பி வைத்த நேரமும் கையெழுத்தும். கடைசி வரியில் இடதுபக்கம் கறுப்பு மையில் லாண்டரி அக்காவின் பெயரும் வெள்ளிக்கிழமைத் தேதியும். வலதுபக்கம் ஒரே குழப்பம். சிவப்பில் "சனி, மாலை 6, திருப்பி வைத்தேன்" என்று ஒன்று. அதே இடத்தில், எழுத்தோடு எழுத்து பின்னிக்கொண்டு, கறுப்பில் "திரும்ப வரவில்லை" என்று இன்னொன்று. கறுப்புக்குக் கீழே செயலாளரின் கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அதற்கு அப்புறம் முப்பது வரி வெறுமையாகக் கிடந்தது.

"இதை எப்ப எழுதினீங்க?"

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. வாட்ச்மேன் குடில்லேர்ந்து பதிவேட்டைக் கொண்டாந்து வைப்பார். இதே மேசைல, இந்த டியூப்லைட் வெளிச்சத்துல எழுதினேன்."

"அப்ப அந்த இடம் எப்படி இருந்துச்சு?"

"காலியா இருந்துச்சு. அதனாலதானே எழுதினேன்."

"சிவப்பு எழுத்து?"

"மத்தியானம் விளக்கம் கேக்க இவங்களைக் கூப்பிட்டோம். முன்னால பதிவேட்டை வச்சிட்டு நான் போன் பேசப் போனேன். திரும்பி வந்தா, நான் எழுதினது மேலயே கிறுக்கி வச்சிருக்காங்க. குழப்பிவிடப் பாத்திருக்காங்க."

"சனிக்கிழமை ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளியூர்ல ஒரு கல்யாண வரவேற்பு. வீடு வர ரெண்டு மணி ஆச்சு."

"குடில் பக்கம்?"

"எட்டிக்கூடப் பாக்கல."

வக்கீல் பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். எந்த மை மேலே, எந்த மை கீழே என்று தெரியவில்லை. கண்டக்டரும் வந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "சண்டை போட்டுக் கட்டிப் புரண்ட மாதிரி இருக்கு. யார் முதல்ல அடிச்சாங்கன்னு தெரியல," என்று மறுபடி பலகைப் பக்கம் போனார்.

ஒரு கணம் வக்கீலுக்கே சந்தேகம் தட்டியது. திரும்பி, வாசலோரம் நின்றிருந்த லாண்டரி அக்காவை நேராகப் பார்த்தாள். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, உள்ள வந்து உக்காருங்க. நீங்க எழுதினப்ப இந்த இடம் எப்படி இருந்துச்சு?"

"காலியா இருந்துச்சு," என்றார் அவர், தலைவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி. "கறுப்பு எழுத்து இருந்திருந்தா அதும் மேல எதுக்கு எழுதறேன்? கீழ அத்தனை வரி கெடக்கு."

"இதையேதான் நானும் சொல்றேன்," என்றார் செயலாளர் கடுப்பாக. "சிவப்பு இருந்திருந்தா அதும் மேல நான் எதுக்கு எழுதறேன்? எனக்குக் கண்ணு இல்லையா?"

வக்கீலின் கை பதிவேட்டின்மேல் அப்படியே நின்றது. பிறகு அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று கண்டக்டர் மணி பார்ப்பார். மணி நாலு.

"ரெண்டு பேரும் காலின்னு சொல்றீங்க," என்றாள். "ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்றீங்க. சார், அந்த டார்ச்சைக் கொஞ்சம் குடுங்க. எல்லாரும் சாமான் அறைக்கு வாங்க."

*

சாமான் அறையில் நான்கு பேர் நிற்கவே இடம் போதவில்லை. ஐந்தாவதாகக் கண்டக்டர் வந்து கதவைச் சாத்தினார். "உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு."

"இதெல்லாம் தேவையாம்மா?" என்றது இருட்டில் பஞ்சுக் குரல்.

"சுவத்துல உங்க விதிமுறையைப் பாத்தேன், டாக்டர். ஒண்ணாவது விதி என்ன?"

பதில் செயலாளரிடமிருந்து வந்தது. அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. "இருட்டியபின் குடிலில் சிவப்பு விளக்கு மட்டும். வெள்ளை வெளிச்சம் பட்டா பறவை மிரளும், நம்ம கண்ணும் அரைமணி நேரத்துக்கு உதவாது."

"எத்தனை வருஷமா இதைக் கடைப்பிடிக்கறீங்க?"

"பதினோரு வருஷம். ஒரு நாள் தவறினதில்ல."

வக்கீல் டார்ச்சை அழுத்தினாள். கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். அறை முழுக்கச் சிவந்தது. பதிவேட்டின் வெள்ளைப் பக்கமும் சிவந்தது. அந்தச் சிவப்பில் "திரும்ப வரவில்லை" என்ற கறுப்பு எழுத்துகள் அச்சடித்தாற்போல் நின்றன. "சனி, மாலை 6, திருப்பி வைத்தேன்" என்பதைக் காணவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது.

லாண்டரி அக்கா மூச்சை இழுத்துவிட்டார்.

"கறுப்பு எழுத்து எந்த வெளிச்சத்துலயும் தெரியும்," என்றாள் வக்கீல். "அது முதல்ல இருந்திருந்தா அக்கா பாத்திருப்பாங்க, கீழ முப்பது வரி காலியா கெடக்கறப்ப அதும் மேல எழுதியிருக்க மாட்டாங்க. சிவப்பு மட்டும்தான் மறையும், அதும் இந்த வெளிச்சத்துல மட்டும். அப்படின்னா முதல்ல எழுதினது அக்கா, பகல்ல. அப்புறமா ஒருத்தர் சிவப்பு டார்ச்சோட வந்து, அந்த எடம் காலின்னு நெனைச்சு எழுதியிருக்கார். ஞாயித்துக்கிழமை காலைல டியூப்லைட்ல எழுதின கை இல்ல இது. சனிக்கிழமை ராத்திரி குடில்ல எழுதின கை. பைனாகுலரை எடுக்க வந்தீங்க. பாத்தா அக்கா கையெழுத்தே போடாத மாதிரி தெரிஞ்சுது. நாளைக்கு வந்து போட்டுடுவாங்களோன்னு பயந்து அங்கேயே அடைச்சிட்டீங்க. காலைல வெளிச்சத்துல பாத்தப்பதான் சிவப்பு தெரிஞ்சிருக்கும்."

"இது வெறும் ஊகம்," என்றார் செயலாளர். குரல் வறண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்றார் கண்டக்டர் இருட்டிலிருந்து, ரொம்ப அப்பாவியாக. "அன்னிக்கு நீங்க மட்டும்தானே இருந்தீங்க. பாக்க ஆளில்ல. சிவப்புத் தாளைக் கிழிச்சுட்டு வெள்ளையா அடிச்சுப் பாத்திருந்தா மாட்டியிருக்கவே மாட்டீங்களே."

"குடில்லயா?" செயலாளருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "பத்தடி தள்ளிப் பக்கி முட்டை வச்சு உக்காந்திருக்கு. வெள்ளை லைட்டை அடிக்கச் சொல்றீங்களே, நீங்கல்லாம்..."

எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்ற குடிலில் அன்று ராத்திரி இருந்ததை அவர் வாயே சொல்லிவிட்டது. கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டார். "எறங்கறவங்க எறங்கலாம்."

*

கூடத்துக்கு வந்ததும் தலைவர் முதலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டவர்போல் நிமிர்ந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆர்வக் கோளாறு. நூத்தித் தொண்ணூறு குறிப்பு எழுதின மனுஷனுக்கு ஏமாத்தம் இருக்காதா? பைனாகுலரை அவர் திருப்பிக் குடுத்துடுவார். தவறான புரிதல்னு ரெண்டு வரி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுவோம். அவங்களுக்கு அடுத்த வருஷம் நிச்சயம் வாய்ப்பு."

"அடுத்த வருஷமா?" என்றாள் வக்கீல்.

"இந்த நிலைமைல எல்லாரும் சேர்ந்து பிரயாணம் பண்றது சங்கடமில்லையா? யாருக்கும் மனசு சரியில்லாம..."

"வக்கீலம்மா," என்று கண்டக்டர் கூப்பிட்டார். அறிவிப்புப் பலகையிலிருந்து ஒரு காகிதத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வந்த காகிதத்தை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தி வைப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். விதிமுறைத் தாளுக்கு அடியில் இது இருந்திருக்கிறது. "இருபத்திரண்டு வருஷம் டிரிப் ஷீட் எழுதினவன் நான். எந்தத் தாளைப் பாத்தாலும் முதல்ல கீழே தேதியைத்தான் பாப்பேன், கெட்ட பழக்கம். பயணக் கம்பெனி அனுப்பின உத்தேச அறைப் பட்டியல் இது. ஆறு பேர். ஆறாவது ஆள் செயலாளர். டாக்டரம்மாவுக்குத் தனி அறை. கம்ப்யூட்டர்ல அடிச்ச தேதி ஒன்பது. பைனாகுலர் தொலைஞ்சது பதினொண்ணு."

வக்கீல் காகிதத்தை வாங்கினாள். அதன் அடியிலேயே பழைய பட்டியலும் குத்தியிருந்தது. ஐந்தாம் தேதியிட்டது. மூன்று அறை, அறைக்கு இரண்டு பேர். போகிறவர்களில் பெண்கள் இரண்டே பேர். மூன்றாவது அறையில் தலைவரும் லாண்டரி அக்காவும்.

அவள் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"திருட்டு நடக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே திருடி யாருன்னு முடிவு பண்ணியிருக்கீங்க, டாக்டர். இவர் நூத்தித் தொண்ணூறு குறிப்புக்காகப் பண்ணினார். நீங்க ஒரு கட்டிலுக்காகப் பண்ணியிருக்கீங்க."

செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பைனாகுலர் எங்கிட்ட இல்ல. டாக்டர் கார்ல இருக்கு. அன்னிக்கு ராத்திரியே குடுத்துட்டேன். எடுத்துட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்னு சொன்னாங்க."

பஞ்சுக் குரல் இப்போது பஞ்சாக இல்லை. "எனக்குத் தூக்கம் லேசு. பழக்கமில்லாதவங்களோட பத்து நாள் ஒரே ரூம்ல எப்படி இருக்க முடியும்? இதை நான் வெளிப்படையா சொல்லியிருந்தா என்னை என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

"உள்ளதைச் சொல்லியிருப்போம்," என்றாள் வக்கீல்.

இவ்வளவு நேரமும் லாண்டரி அக்கா இரண்டு பட்டியலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. வேலைக்கு வந்த மூட்டையைப் பிரித்து, எது எந்த வார்டு என்று பார்க்கிறவரின் முகம் அது.

"டாக்டரம்மா," என்றார். "நீங்க போடற வெள்ளைக் கோட்டு பதினேழு வருஷமா என் கையிலதான் வெளுத்துட்டு இருக்கு. உங்க கோட்டு எதுன்னு காலர் பாத்தே சொல்லுவேன். அதுல பழக்கமில்லாத ஆள் கை பட்டதா உங்களுக்கு ஒரு நாளும் தோணலையே." இரண்டு பட்டியலையும் தள்ளி வைத்தார். "எனக்கும் உங்க கூட ஒரே ரூம்ல படுக்க முடியாது. என் சாமான் தொலைஞ்சா நான் யாரைக் கேக்கறது? தனி ரூம் வேணும்னு கேட்டது நீங்க. உங்களுக்குத் தனி, எனக்குத் தனி. ரெண்டையும் சங்கமே பாத்துக்கட்டும்."

கண்டக்டர் திரும்பி ஓர் ஆந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

வக்கீல் ஒரு வெள்ளைத் தாளைத் தலைவர் முன்னால் தள்ளினாள். "ஆஸ்பத்திரிக்கு எழுதுங்க. புகார் பொய், பொருள் உங்ககிட்டதான் இருந்துச்சுன்னு. தவறான புரிதல்ங்கற வார்த்தை எங்கயும் வரக்கூடாது. இல்லைன்னா இந்த ரெண்டு பட்டியலும் பதிவேடும் நேரா ஸ்டேஷனுக்குப் போகும். எங்க ஆபீஸுக்குக் கீழயே ஜெராக்ஸ் கடை இருக்கு. எத்தனை காப்பி வேணும்னாலும் எடுப்போம்."

தலைவர் எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் பேனா நின்று நின்று போனது. எழுதி முடித்தபோது மணி நாலே முக்கால். செயலாளர் கேட்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு, "பக்கி முட்டை வெள்ளிக்கிழமை பொரிக்கும். யாராவது குறிச்சு வைக்கணும்," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

"நான் குறிச்சு வைக்கறேன்," என்றார் லாண்டரி அக்கா. "நீங்க அந்தப் பக்கம் வர வேணாம்."

பிறகு மேசைமேல் இருந்த போனை அவரே இழுத்து வைத்துக்கொண்டு பயணக் கம்பெனியை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அழுத்தினார். மறுமுனையில் ஓர் இளைஞன், அவசரமான குரல். ஆறாவது பெயரை மாற்றிக்கொண்டான். அறைகளை மாற்றிக்கொண்டான். பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டான். அவர் பையைத் திறக்காமலே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

"தொழில்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். என்ன போடட்டும்?"

"ஆஸ்பத்திரி லாண்டரி."

மறுமுனை தயங்கியது. "மேடம், பொதுவா நாங்க இந்த மாதிரி இருந்தா ‘இல்லத்தரசி’ன்னு போட்டுடுவோம். விசா ஆபீஸ்ல கேள்வி குறையும்."

"கேக்கட்டும். பதில் எங்கிட்ட இருக்கு. ஆஸ்பத்திரி லாண்டரி, ராத்திரி ஷிப்ட். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் மேடம்."

"படிச்சுக் காட்டுங்க."

அவன் படித்தான். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கடைசி எழுத்து வரைக்கும் கேட்டுவிட்டு, லாண்டரி அக்கா "சரியா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தார்.